மூக்கைப் பொத்திக்கொண்டு படித்த சிப்

டெல்லி வந்த பிறகு பொன்னி பார்த்த வேலைகளிலேயே மகா அருவருப்பானது இதுதான். தினமும் காலையில் குடிசைகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் ஒரு பாட்டில் மொண்டு, பஸ் ஏறி, துவாரகாவில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள் தலையில் இதையும் கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

அங்கே என்ஜினியர் நிகில், மூளையைப் போலவே கற்று நினைவில் வைத்துக்கொள்ளும் சிப் ஒன்றுக்கு மோப்பம் பழக்கிக்கொண்டிருந்தான். விஷவாயு இருந்தால் சிப் பொருத்திய கருவியில் சிவப்பு விளக்கு எரியும், இல்லாவிட்டால் பச்சை.

"நம்ம மூளை மாதிரியேதான் அக்கா. ஒண்ணா வர்றதை எல்லாம் ஒண்ணா சேர்த்து ஞாபகம் வச்சுக்கும்" என்று பெருமையடிப்பான். பாட்டிலைத் திறக்குமுன் மறக்காமல் நாலு ஊதுபத்தி கொளுத்துவான். குமட்டுகிறதாம். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜல்தி மூடுங்க அக்கா" என்பான்.

பொன்னிக்கு அவனைப் பார்த்தால்தான் குமட்டியது. அவள் புருஷன் லட்சுமணன் பதினைந்து வருஷமாக அந்த நாற்றத்துக்குள் கழுத்தளவு இறங்கித்தான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறான். அவன் உயிரோடு மேலே வர வேண்டும் என்றுதான் அவள் பாட்டிலைச் சுமந்தாள்.

சோதனை நாளன்று கரோல் பாக் சந்து ஒன்றில் சாக்கடை மூடியைத் திறந்தார்கள். லட்சுமணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றான். நிகில் கருவியைக் குழிக்கு மேலே நீட்டினான். பச்சை எரிந்தது.

"அச்சா. இறங்கலாம்."

பக்கத்தில் நின்ற பொன்னியின் மூக்கில் அழுகின முட்டை வாடை ஏறியது. பாட்டிலில் வரும் அதே வாடை. இங்கே எது குறைகிறது என்று யோசித்தாள். புரிந்ததும் லட்சுமணனிடம் பாய்ந்தாள்.

"எறங்காதய்யா" என்று கயிற்றைப் பிடித்து அவனை இழுத்தாள். கருவியை நிகில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தள்ளியிருந்த டீக்கடைக்கு நடந்தாள். அங்கே சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதன் அருகே நீட்டினாள். சிவப்பு எரிந்தது.

சிப் படித்துவைத்திருந்த விஷம் ஊதுபத்திதான். நிகிலின் முகம் வெளுத்தது.

"ஸாரி அக்கா. முதல்லேர்ந்து திரும்பப் பழக்கணும்."

மறுநாள் பாட்டிலை அவன் மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். அவன் கை இழுப்பறைக்குப் போய்த் துழாவியது. ஊதுபத்திப் பாக்கெட்டைக் காலையிலேயே அவள் குப்பையில் போட்டிருந்தாள்.

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூக்குலேர்ந்து கைய எடுங்க சார். எங்க ஊட்டுக்காரரு தெனம் இழுக்கற காத்து இதான்."