சுவர் ஓட்டையில் என் சாரம்

இந்த நாட்டில் வீட்டின் நெருப்பை யாரும் கண்ணால் காண்பதில்லை. அது கெல்லர் என்று சொல்லப்படும் நிலவறையில், ஓர் இரும்புப் பெட்டிக்குள் எரிகிறது. நாங்கள் மேலே அறைச் சுவரில் பொருத்திய இரும்புப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஓம், எரியுது” என்று நம்பிக்கொள்கிறோம். கடவுளைக்கூட நான் இவ்வளவு லேசில் நம்பியதில்லை.

ஜெர்மனியில், ஹம் நகரின் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய வாடகை வீட்டில், ஒரு மாசி மாத வியாழக்கிழமை காலை அந்த நம்பிக்கை பொய்த்தது. பட்டை பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் என் மனைவி வசந்தி எங்கள் முதல் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வர இருந்தாள். பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத பெண்பிள்ளை. தலையில் முடி இருந்த அளவுக்கு அவள் உடம்பில் சதை இல்லை. அவளை இந்தக் குளிர்பெட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

கெல்லருக்கு இறங்கினேன். ஹைசுங் என்பது எண்ணெயில் எரிந்து வீட்டையும் குளிக்கும் தண்ணீரையும் சூடாக்கும் இயந்திரம். அதன் முகத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. அமத்தினேன். விசிறி சுற்றியது, பொறி தட்டியது, குப்பென்று நெருப்புப் பிடித்தது. நான் மூச்சு விடுவதற்குள் டக்கென்று அணைந்து, மறுபடியும் சிவப்பு. திருத்துகிற நிறுவனத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். ஆள் வர டெர்மின், அதுதான் குறித்த நேரம், அடுத்த செவ்வாய்க்கிழமைதான் என்றாள் ஒரு பெண். பிள்ளை பிறந்திருக்கிறது, நாளைக்கு வீட்டுக்கு வருகிறது என்றேன். மனமார வாழ்த்தினாள். வாழ்த்திவிட்டு, செவ்வாய்க்கிழமை என்றாள்.

எனக்கு ரோஷம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் வைத்திருப்போம். அதைக் காபரேற்றருக்குள் பீச்சி உதைத்தால் வண்டி உறுமும். பிறகு மண்ணெண்ணெயில், வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, பரம்பரைக் கோபக்காரன்போல ஓடும். ஹைசுங் எண்ணெயும் மண்ணெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம்தானே. தடைக்கே பணியாதவன் ஒரு தகரப் பெட்டிக்குப் பணிவதா என்று பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தினேன். அது உதைத்தால் ஓடும் சாதியில்லை. கடைசியில் குப்பென்பதும் நின்று, எண்ணெய் மணம் மட்டும் மிஞ்சியது.

சனத்தைக் கேட்டேன். எங்கள் ஆட்களிடம் தெரியாது என்ற சொல் கிடையாது. ஒருவர் எண்ணெய் முடிந்திருக்கும் என்றார். தாங்கி நிறைய இருந்தது. இன்னொருவர் குழாய்க்குள் காற்றுப் போயிருக்கும் என்றார். மூன்றாமவர், வாடகை வீட்டுக்கு வரும்போது பால் காய்ச்சினீரா என்று கேட்டார். இதற்குள் வசந்தி ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாள்.

“வீடு சூடாய்க் கிடக்கோ?”

“ஓம்,” என்றேன். நான் கம்பளித் தொப்பியோடு நின்றது அவளுக்குத் தெரியவா போகிறது.

இனி அதற்கு முந்தி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு இரவுச் சாப்பாடாகக் குளிர்ந்த பாணும் பாற்கட்டியும் கொடுத்தார்கள். பிறகு ஐஸ் போன்ற தயிர். இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளை எது பிறந்தாலும் ஓடிவரும் பத்மா அக்கா அதைக் கண்டு, வாயில் கை வைத்தார். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குக் கறிதான் கொடுக்க வேண்டும். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த தூளில் காய்ச்சும் கறி அது. அடுத்த நாள், புதன்கிழமை பின்னேரம், ஒரு பை சரக்கோடும் கிரைண்டரோடும் வந்து இறங்கினார்.

ஆனால் எங்கே வறுப்பது? முன்பிருந்த தொடர்மாடியில் வசந்தி ஒருமுறை மிளகாய் வறுத்தபோது தீயணைப்புப் படை ஏணியோடு வந்தது. இந்த வீட்டிலோ பக்கத்து வீட்டு ஹெர் பிரிங்க்மன், ஓய்வு பெற்றவர், நாங்கள் குடிவந்த அன்றே வேலிக்கு மேலால் மூக்கை நீட்டி இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டிருந்தார். அவர் ஆசையில் கேட்டாரா, ஆத்திரத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் ஆத்திரம் என்றே எடுத்துக்கொண்டோம். அதனால் கெல்லரில், ஹைசுங்குக்குப் பக்கத்தில், மின்னடுப்பு வைத்து வறுத்தோம். அங்கே சுவரில் கம்பி வலை போட்ட ஓர் ஓட்டை, நேரே அவருடைய ஜன்னலைப் பார்த்தபடி.

“உந்த ஓட்டையை அடையும் தம்பி. மணம் போச்சுதெண்டால் உந்த மனுசன் பொலிசுக்கு அடிக்கும்,” என்றார் அக்கா.

கைக்குக் கிடைத்தது நான் இடுப்பில் கட்டும் பழைய சாரம். வலையைக் கழற்றி, சாரத்தைச் சுருட்டி இறுக்கி அடைத்தேன். அக்கா வறுத்து அரைத்தார். தூள் புகைபோல் எழும்பியது. இருவரும் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டோம். மேலே ஒரு ஜெர்மன்காரனுக்கும் தெரியாமல் காரியம் முடிந்த பெருமை வேறு.

வியாழன் மத்தியானம் வேறு வழியில்லாமல் அதே ஹெர் பிரிங்க்மனின் மணியை அடித்தேன். மனுசன் காலமெல்லாம் இந்த அழைப்புக்காகவே காத்திருந்தவர்போல டோர்ச் லைற்றோடு வந்தார். முதலில் கெல்லர் கதவடியில் இருந்த சிவப்புச் சுவிட்சை நிறுத்தினார். அப்படியொன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு இயந்திரத்தின் பக்கத்திலிருந்து கண்ணாடி முனை வைத்த ஒரு சிறு குழாயை உருவினார். நெருப்புப் பிடித்ததா என்று பார்க்கும் கண் அதுதானாம். அது நெருப்பைக் காணாவிட்டால் எரிந்தாலும் எண்ணெயை நிறுத்திவிடும். அந்தக் கண்ணில் கரியும் செம்மண் நிறத் தூளும் சேர்ந்து படலம் கட்டியிருந்தன. விசிறிக்குள்ளும் அதே தூள் அப்பியிருந்தது. அவர் விரலால் தொட்டு, மூக்கில் வைத்து மணந்து, என்னைப் பார்த்தார்.

“இது என்ன?”

“மருந்து. பிள்ளை பெற்றவர்களுக்கு.”

“ஹைசுங் இன்னும் பிள்ளை பெறவில்லையே,” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அடுத்ததாக அவருடைய டோர்ச் சுவருக்குப் போனது. ஓட்டைக்குள் கை விட்டு இழுத்தார். நீலக் கட்டம் போட்ட என் சாரம், கோயில் வாசலில் பாம்பாட்டி இழுப்பதுபோல, வந்துகொண்டே இருந்தது. முழுவதும் வந்ததும் அவருடைய முகம் வெளுத்துவிட்டது. இந்த நெருப்பு அறையிலிருக்கும் காற்றைத்தான் தின்கிறது. காற்று வர வழியில்லாவிட்டால் கரி கக்கும், பிறகு நச்சுப் புகை வரும், அதற்கு மணமே இல்லை, நித்திரையிலேயே எல்லோரும் முடிந்துவிடுவீர்கள் என்று, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் படிக்கட்டில் குந்தினேன். மணக்கிற புகைக்குப் பயந்து, மணக்காத புகைக்குள் என் பிள்ளையைக் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன். நெருப்பு ஒருநாள் பிந்தி அணைந்திருந்தால்? இயந்திரம் பழுதானது என்று காலையிலிருந்து நான் திட்டியதெல்லாம் அந்த இயந்திரம் எங்களுக்குச் செய்த உபகாரத்தை.

“எதற்காக அடைத்தீர்கள்?” என்று கேட்டார்.

“உங்களுக்கு மணக்கக் கூடாதென்று.”

அவர் சாரத்தை நாலாய் மடித்தார்; எதையும் மடிக்காமல் வைக்க ஜெர்மன்காரர்களுக்கு வராது. மடித்து என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“அப்படியென்றால் என் ஜன்னலை நான் பூட்டிக்கொள்கிறேன்.”

இயந்திரத்தின் கண்ணைத் துணியால் துடைத்து, விசிறியைப் பழைய பல்துலக்கியால் தட்டி, இரண்டு தும்மலும் தும்மி, சிவப்புச் சுவிட்சைப் போட்டார். குப்பென்று பிடித்தது. பிடித்தது அணையவில்லை. நாங்கள் இருவரும் அம்மன் கோயில் தீபாராதனை பார்ப்பவர்கள்போல அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றோம்.

வெள்ளிக்கிழமை வசந்தி வந்தாள். வீடு சூடாகத்தான் இருந்தது. பத்மா அக்கா சரக்குக் கறி காய்ச்சினார். பிள்ளை பட்டைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். செவ்வாய்க்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்த ஆள் புகையை அளந்து, எல்லாம் சரி என்று கையெழுத்து வைத்துவிட்டு, கெல்லரில் என்ன மணம் என்று கேட்டார். நான் மருந்து என்றேன்.

இப்போதெல்லாம் தூள் வறுப்பதற்கு முன்னால் நான் பக்கத்து வீட்டு மணியை அடித்துச் சொல்லிவிடுவேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் ஜன்னலைப் பூட்டுவார். ஹைசுங்கை நிறுத்தி அதன்மேல் அதே சாரத்தைப் போர்த்திவிட்டு அக்கா வறுக்கத் தொடங்குவார். எங்கள் வீட்டு ஓட்டை திறந்திருக்கும், அவர் வீட்டு ஜன்னல் பூட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கலாய் ஒரு துண்டு நிலம் உண்டு. மணம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க, அங்கே பனிக்குள் நின்று தும்முகிறவன் நான்.