பேரன் நடத்திய என் செத்தவீடு

போன திங்கட்கிழமை மத்தியானம் நான் இறந்துபோனேன். பதற வேண்டாம்... விளையாட்டுக்குத்தான்.

என் பேரன் கவினுக்கு ஐந்து வயது. மகள் மானிப்பாயில் படிப்பிக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் முடிந்து வரும்வரை, கோப்பாயில் எங்கள் வீட்டில் நானும் அவனும்தான். விளையாட்டில் எனக்கு என்ன வேடம் என்பதை அவனே தீர்மானிப்பான். ஒருநாள் பஸ் கொண்டக்டர், ஒருநாள் முதலை. அறுபத்தெட்டு வயதில் முதலையாக விறாந்தையில் தவழ்ந்து பாருங்கள். என் முழங்கால்களின் நிலைமை விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு செத்தவீடு. மகள் அவனையும் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். ஆகவே திங்கட்கிழமைக்குப் புது விளையாட்டு.

"ஆர் சாகிறது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான். நான் ஆக்களைக் கூப்பிட வேணும்."

பாயில் படுத்துக் கிடக்கும் வேலை. முதலையாக இருந்தவள் மறுப்பேனா? என் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ரிபனால் கட்டினான். வெள்ளைப் பெட்ஷீற்றைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். தலைமாட்டில் குத்துவிளக்குக்குப் பதில் ஒரு டோர்ச் லைற். மூக்கில் பஞ்சு வைக்கவும் வந்தான். தும்மல் வரும் என்று கெஞ்சித் தப்பினேன். ஒரேயொரு சட்டம் போட்டான் — செத்த ஆக்கள் கதைக்கக்கூடாது.

கண்ணை மூடினேன். மேலே ஃபேன் சுற்றியது. நித்திரையாகிவிட்டேன்.

ஆக்களைக் கூப்பிடுவது என்றால் பொம்மைகளை என்றுதான் நினைத்திருந்தேன். அவனோ ஒழுங்கையைத் தாண்டி முன்வீட்டுப் பரமேஸ்வரியிடம் போய், அம்மம்மா செத்துப்போனா, வாங்கோ என்றிருக்கிறான். அவள் ஓடிவந்து ஜன்னலால் பார்த்தாள். பெட்ஷீற்றுக்கு வெளியே கட்டிய பெருவிரல்கள் தெரிந்தன. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? முதலில் ஊர் வட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டாள். பிறகுதான் அழத் தொடங்கினாள்.

அந்த அழுகையில்தான் நான் விழித்தேன். உடனே எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. நம்மைப் பற்றி என்ன சொல்லி அழுகிறார்கள் என்று கேட்க யாருக்குத்தான் ஆசை இராது? என் நல்ல மனதைச் சொன்னாள். என் கத்தரிக்காய்க் குழம்பைச் சொன்னாள். இத்தனை வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறேனே... அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபத்தில்தான் கண்ணைத் திறந்தேன்.

பரமேஸ்வரி ஓடிய ஓட்டத்தில் அவளுடைய செருப்பொன்று எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது.

அடுத்தது போன். லண்டனிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி. பிரேதத்தை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டான். நான் இன்னும் யோசிக்கவில்லை என்றேன். குரல் யாருடையது என்று பிடிபட்டதும் போனை வைத்துவிட்டான்.

மூன்று மணிபோல வாசலில் ஓட்டோ வந்து நின்றது. கரவெட்டியிலிருந்து என் தங்கை. வெள்ளைச் சேலை, அழுது வீங்கிய கண்கள். எங்களுக்குள் ஏழு வருடமாகப் பேச்சில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள் — என் மகளின் கல்யாணக் கார்ட்டில் தங்கையின் கணவருடைய பெயர் விடுபட்டுப் போனது. அச்சகத்தின் பிழை என்று நான். நான் வேண்டுமென்று விட்டேன் என்று அவள். அச்சடிக்குமுன் கார்ட்டைச் சரிபார்த்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கையில் தேத்தண்ணியோடு இருந்தேன். அவள் படியில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு முகம் இறுகியது. என்னை விட்டுவிட்டுப் பேரனிடம் சொன்னாள்:

"நான் செத்தவீட்டுக்கு வந்தனான். உயிரோடை இருக்கிற ஆளோடை எனக்குக் கதையில்லை."

கவினுக்கு அது நியாயமாகப் பட்டது.

"அம்மம்மா, படுங்கோ. ஆக்கள் வந்திட்டினம்."

படுத்தேன். வேறென்ன செய்வது? பெருவிரல்களை மறுபடி கட்டினான். தங்கை என் தலைமாட்டில் வந்து இருந்தாள். பிரேதத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கார்ட்டை அவளுடைய கணவர் இன்னமும் மேசை லாச்சிக்குள் வைத்திருப்பது... தான் ஒப்பரேஷனுக்குப் போய்க் கிடந்தபோது, அக்கா வருவா என்று ஆஸ்பத்திரி வாட்டு வாசலையே பார்த்தபடி இருந்தது...

வந்தேன், வாட்டு வாசல்வரை வந்துவிட்டு வெட்கத்தில் திரும்பிப்போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"செத்த ஆக்கள் கதைக்கிறேல்லை" என்றான் கவின்.

வாயை மூடினேன். யோசித்துப் பார்த்தால், என் தங்கை பேசியதை நான் குறுக்கே விழாமல் கடைசிவரை கேட்டது அன்றுதான். அதற்கு நான் சாக வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேர் உயிரோடு இருக்கும்போது அடுத்தவர் பேச இடம் விடுகிறோம்?

கடைசியில் அவள் குரல் உடைந்தது.

"ஆரிலை பிழை எண்டாலும், எனக்குச் சொல்லாமல் நீ செத்துப்போகக்கூடாது அக்கா."

மூடிய கண்ணால் நீர் வழிந்தது. அதுவும் சட்டவிரோதம்தான். கவின் காணுமுன் அவள் சேலைத்தலைப்பால் துடைத்துவிட்டாள்.

பிறகு மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். பெயர் விடுபட்டது என் கவனக்குறைவுதான் என்று, ஏழு வருடம் கழித்து, உயிரோடு இருந்து சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஓட்டோவில் ஏறும்போதுதான் வாய் திறந்தாள்.

"போட்டு வாறன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

ஓட்டோ திரும்பும்வரை பார்த்திருந்து, கவின் என்னிடம் முறைப்பட்டான். செத்தவீட்டிலிருந்து போகும்போது போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று அவனுடைய அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம்.

"அந்த அம்மம்மாவுக்கு விளையாடத் தெரியேல்லை."