பெரிய வளவுக் கிணறு

"பூமணி மாமி போயிட்டா" என்று பூமணி டீச்சரின் அண்ணன் மகன் காலையில் தொலைபேசியில் சொன்னபோது, நாங்கள் சேர்ந்து படிப்பித்த நாட்கள் எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. "கிணறு?" என்றுதான் கேட்டேன்.

டீச்சரை அறிந்த உங்களுக்குப் பெரிய வளவையும் தெரியும். வாவிக்கரையில் மாவும் புன்னையுமாக, தாயிடமிருந்து மகளுக்கென்று தலைமுறைகளாக இறங்கி வந்த காணி. டீச்சருக்குப் பிள்ளை இல்லை. ஊருக்குப் பூங்காவாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார். கேட்டது ஒன்றே ஒன்று: வளவுக் கிணற்றை மூடக்கூடாது. சுற்றியுள்ள கிணறெல்லாம் உவர். கரையோரத்துப் பெண்கள் காலகாலமாக அங்கேதான் குடிதண்ணீர் அள்ளினார்கள்.

அதைக் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்தில் கலியாணமும் காணிப் பங்கும் வெற்றிலை வட்டாவில் முடிந்தவை. பித்தளை வட்டாவை நீட்டுவார்கள். வெற்றிலையை எடுத்தால் சம்மதம். பூங்காவைப் பொறுப்பெடுக்க வந்த அதிகாரிக்கும் டீச்சர் அப்படியே நீட்டினார். அவர் சிரித்தபடி எடுத்து மென்றார்.

"சும்மா இரிகா. வெத்தில எடுத்த மனிசன் மறுகா இல்லையெண்டுவாரா?" என்று என் வாயை அடைத்தார். கணக்குப் படிப்பித்தவர்! எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பூங்கா அழகாகத்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஊஞ்சல், வண்ண விளக்கு, ஐஸ்கிறீம் கடை, பின்னேரங்களில் பிள்ளைகளின் சத்தம். டீச்சர் மரத்தடி வாங்கில் உட்கார்ந்து பார்த்துப் பூரித்துப்போவார். பிறகு ஒருநாள் நாங்கள் போனபோது, குடத்தோடு வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நேரே அலுவலக அறைக்குள், கதிரையில் சாய்ந்திருந்த அதிகாரியிடம் போனார்.

"தம்பி, வெத்தில எடுத்துத்தானே இத வாங்கினீங்க?"

"அது முந்தி இருந்தவர் அம்மா. அவர் இடமாற்றத்தில போயிட்டார். நான் இப்பதான் வந்திரிக்கன்."

அவர் பொய் சொல்லவில்லை. டீச்சரை முறித்தது அதுதான். சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. திரும்பி வரும் வழியில், "நான் ஆளுக்குக் குடுத்தன் கா. வாங்கினது கதிரைதான் போல" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அந்த வளவுப் பெண்களைக் கடைசியாகக் குளிப்பாட்டுவது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். அதனால் சாவுச் செய்தி கேட்ட கையோடு நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். காவலாளி மரியாதையாகத்தான் பேசினார்.

"கிணறா? இஞ்ச அப்படி ஒண்டும் இல்லையே அம்மா."

உள்ளே போய்ப் பார்த்தேன். கிணற்றின் மேல் கொங்கிறீற் தட்டு. அதன்மேல் பிள்ளைகள் ஏறிப் படம் எடுக்க ஒரு சீமெந்து அன்னம். வெறுங்குடத்தோடு திரும்பினேன். பூமணி டீச்சரைக் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டினோம். சொல்லவே வாய் கூசுகிறது.

போன மாதம் டீச்சர் அந்த வட்டாவை என் மடியில் வைத்து, "இனி இதால வேல இல்லகா, நீ வெச்சிரு" என்றார். புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். அதில் வெற்றிலை வைத்து நீட்ட இந்த ஊரில் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.