முதல் மிடறு அவனுக்கு

அலுமாரியில் அந்தப் பேர்பன் விஸ்கிப் போத்தல் மாதக்கணக்காகக் கிடந்தது. கனடாவில் மகளோடு இருக்கும் என் சிநேகிதன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரே இழுவைப் படகில் வேலை செய்த காலம் முதல் நாங்கள் ஒரே போத்தலில்தான் குடித்தோம். நான் ஊற்றுவேன். முதல் மிடறு அவனுக்கு. கண்ணை மூடி, சப்புக்கொட்டி, "பரவாயில்லை" என்றோ "மண்ணெண்ணெய்" என்றோ தீர்ப்புச் சொல்வான். பிறகுதான் என் கிளாஸ் வாய்க்குப் போகும். அவனுக்கு நல்லதென்றால் எனக்கும் நல்லது. சொந்தமாக நான் ஒரு தீர்ப்புச் சொன்னதே இல்லை. அவன் சொல்ல விட்டால்தானே.

கோயில் திருவிழாவுக்கு வருகிறேன் என்றிருந்தான். வந்து குடித்துச் சொல்லட்டும் என்று போத்தலைத் திறக்காமல் வைத்திருந்தேன். வீட்டில் கதைக்க வேறு ஆள் இல்லை. பின்னேரங்களில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று படலைக்கு வரும். அதற்கு வாழைப்பழத் தோல் போடுவேன். அது தின்றுவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் போய்விடும். பிறகு துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பேன். அவனுடைய கதிரையை இன்னும் உள்ளே எடுத்துவைக்கவில்லை.

போன கிழமை பொழுதுபடும் நேரம் வீடியோவில் அழைத்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"மச்சான், நான் இனி வர ஏலாது. இந்த நெஞ்சோட பிளேன் ஏறக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நீ அதைத் திற."

"நீ வா, பிறகு திறப்பம்."

"வரமாட்டன் எண்டு சொல்லுறன், விளங்கேல்லையோ? திறடா!"

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்திலேயே திறந்தேன். பழக்கதோஷம், இரண்டு கிளாசில் ஊற்றிவிட்டேன். இரண்டையும் அவன் பார்த்தான்.

"சோடா விடாதை," என்றான். "விலை குறைஞ்ச சாமான்தான். ஆனா ஓக் மரப் பீப்பாவை உள்பக்கம் எரிச்சுக் கரியாக்கி, அதுக்குள்ளதான் வருசக்கணக்கா வைக்கிறவங்கள். மரம் தூக்கலா இருக்குமாம்."

"இருக்குமாமோ? நீ குடிக்கேல்லையோ?"

"எனக்குக் குடி எப்பவோ தடை. நீ குடிச்சுச் சொல்லுவாய் எண்டுதான் அனுப்பினனான்."

வாழ்நாளில் முதல் தடவையாக முதல் மிடறு எனக்கு வந்தது. நாக்கில் முதலில் பனங்கட்டிப் பாகின் இனிப்பு, கொஞ்சம் வனிலா வாசம். அது தொண்டைக்கு இறங்குமுன் மரம் வந்து ஏறிக்கொண்டது. சிரட்டைக் கரியின் புகை, சாயம் கூடிப்போன, பால் விடாத பிளேன்ரீயின் துவர்ப்பு. நாக்கு வறண்டது, நெஞ்சு மெல்லச் சூடானது.

எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அவன் கண்ணை மூடிச் சப்புக்கொட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது சரி. நல்லதோ, கூடாதோ?"

இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை!" என்று சிரித்தான். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது.

"நீ சொன்னாத்தானே மச்சான் எனக்குத் தெரியும்," என்றேன்.