கொட்டகையில் கட்டிய நேர்த்திக் கிடாய்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், இருபத்தெட்டாம் பிரிவு: ஒரு சமூகத்தின் மதம் வேண்டும் முறையில் ஒரு விலங்கைக் கொல்வது இந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது. ஒரே வாக்கியம்தான். கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலத்தில் இதை எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, சேரம்பாடிக்கு மேலே இருக்கும் ஒரு தனியார் எஸ்டேட்டின் மேனேஜருக்கும் வாசித்துக் காட்ட வேண்டி வந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அது நம்ம சட்டம் டாக்டர். நம்ம டீயை வாங்கறது அவங்க" என்றார்.

அவர்கள் என்பது ஐரோப்பிய நாடு ஒன்றில் இருக்கும் கம்பெனி. அந்த நாட்டில் உணர்விழக்கச் செய்யாமல் எந்த விலங்கையும் அறுக்கக் கூடாது. தங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களும் அப்படியே நடக்க வேண்டும் என்று ஒரு விதித்தொகுப்பு அனுப்பியிருந்தார்கள். தேயிலைச் செடியை உணர்விழக்கச் செய்துதான் பறிக்க வேண்டுமா என்று கேட்டேன். மேனேஜர் சிரிக்கவில்லை. ஆவணியில் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். அதுவரை எஸ்டேட் எல்லைக்குள் ரத்தம் சிந்தக் கூடாது என்றார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் மாரியம்மன் கோயிலும் எல்லைக்குள்தான் இருந்தது.

என்னை இதற்குள் இழுத்தவள் இலை பறிக்கும் பெண் ஒருத்தி. அவளுடைய நாலு வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. முதல் அறுவைக்கு முன்னால் அந்த அம்மனுக்குக் கிடாய் நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்தது. கிடாய்க் குட்டியும் வாங்கி வளர்த்தாள். இரண்டாவது அறுவைக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆவணி முதல் வாரத்தில் நாள் கொடுத்திருந்தார்கள்.

"பழைய கடன வச்சிக்கிட்டு மறுபடி எப்புடிங்கய்யா ஆத்தாகிட்டப் போயி நிக்கிறது? கெடாய வெட்டாம புள்ளைய மேசையில படுக்க வைக்க மாட்டேன்" என்றாள். ஆகவே ஆடிக்குள் வெட்டியாக வேண்டும்.

மேனேஜர் ஒரு சமரசம் சொன்னார். "மயக்க ஊசி போட்டுட்டு வெட்டுங்களேன்."

கோயில் பூசாரி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். எஸ்டேட்டில் டிரைவர். "ஏனுங்க சார், மயங்கிக் கெடக்கற கெடா எப்படிங்க சிலுப்பும்? ஆத்தாளுக்குப் பொணத்தையா குடுக்கறது?"

"ஊசி போட்ட கறியத் தின்னா பூசாரியும் மயங்கிருவாரு" என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். பிறகு ஒரே வெட்டு. அந்த நாட்டிலோ ஆட்டின் சம்மதம் தேவையில்லை, அது எதையும் உணராமல் இருந்தால் போதும். இங்கே அது உணர்வோடு நின்று சம்மதிக்க வேண்டும். ஆட்டைக் கேட்டிருந்தால் இரண்டையும் வேண்டாம் என்றிருக்கும்.

ஆடி பிறந்ததும் கம்பெனிக்கு விலக்கு கேட்டு நான்தான் கடிதம் எழுதினேன். மேனேஜர் கையெழுத்திட்டு அனுப்பினார். பதில் வருவதற்குள் யாரும் திருட்டுத்தனமாக வெட்டிவிடக் கூடாதென்று, கிடாயைப் பிடித்து இலை நிறுக்கும் கொட்டகையில் கட்டி வாட்ச்மேனைக் காவல் வைத்தார். கொட்டகைக்கு மேலே தகரம் உண்டு, சுவர் கிடையாது. சேரம்பாடியில் ஆடி மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை. ஒதுங்க இடமில்லாமல் விலங்கைக் கட்டி வைப்பது பதினோராம் பிரிவுப்படி வதை என்று அவரிடம் சொன்னேன். கோயிலில் வெட்டினால் குற்றமில்லை, கொட்டகையில் நனைய விட்டால் குற்றம்.

"விலங்கு நலத்துக்காகத்தானே டாக்டர் கட்டி வச்சிருக்கு" என்றார்.

முதலில் அதன் குளம்பு அழுகியது. பிறகு மூக்கு ஒழுகியது. ஆடி பாதி தாண்டியபோது கழுத்தை நீட்டிக்கொண்டு வாயால் மூச்சு விட்டது. நுரையீரல் போய்விட்டதென்று காது வைத்துக் கேட்காமலே தெரிந்தது. ஊசியோடு போனேன். அந்தப் பெண் குறுக்கே நின்றாள்.

"ஊசி குத்தின கெடாய ஆத்தா ஏத்துக்க மாட்டாங்கய்யா. பழுதாப் போயிரும்."

"இல்லாட்டி செத்துப்போயிரும்மா."

"அதுவா செத்துச்சுன்னா எம் புள்ளைய எடுத்துக்குவா."

ஊசியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முதல் நாள் மேனேஜர் கொட்டகையை எட்டிப் பார்த்தார். தணிக்கைக்காரர் வரும்போது தன்னுடைய காவலில் ஒரு செத்த ஆடு கிடந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "நாளைக்கு எனக்கு ஊட்டியில மீட்டிங். நான் எதையும் பாக்கல" என்று வாட்ச்மேனிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கிடாயை இரண்டு பேர் தூக்கி வந்து கோயில் முன் நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். அது சிலுப்பவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார். தண்ணீர் அதன் வயிற்றிலிருந்து சொட்டியது. மழையும் பெய்துகொண்டிருந்தது. யாரோ காதுக்குள் தண்ணீர் விடச் சொன்னார்கள், விட்டார்கள். கூட்டத்தில் ஒருவன், "மேனேஜர் தொரகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரட்டும்டா, அப்பறம் சிலுப்பும்" என்றான். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிடாயின் முகத்தையே பார்த்திருந்தாள்.

மூன்றாவது குடத்துக்குப் பிறகு கிடாயின் தொடையில் ஒரு நடுக்கம் ஓடியது. காய்ச்சல் நடுக்கம். முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும்.

பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், சிலுப்பிருச்சுங்களா?"

அது எப்படியும் சாயங்காலம் வரை தாங்காது. தாங்கும் வரை தண்ணீர் ஊற்றுவார்கள்.

"சிலுப்பிருச்சுங்க" என்றேன்.

குலவை எழுந்தது. அரிவாள் இறங்கும்போது கிடாயின் முன்னங்கால்கள் மடிந்துவிட்டன. கழுத்து இழுபட்டு நிற்கவில்லை. வெட்டு தாடையில் விழுந்தது. கத்துவதற்கு அதனிடம் மூச்சு இல்லை, வாய் மட்டும் திறந்தது. இரண்டாவது வெட்டு எலும்பில் மாட்டியது. நெற்றியில் ஆணி இறக்கி உணர்விழக்கச் செய்யும் அந்த நாட்டுத் துப்பாக்கி அப்போது என் கையில் இருந்திருந்தால், இருபத்தெட்டாம் பிரிவை மடித்துப் பையில் வைத்துவிட்டு அதை எடுத்திருப்பேன். மூன்றாவது வெட்டில் தலை வந்தது. யாரும் குலவை போடவில்லை.

கறியை யாரும் எடுக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள்.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் போக வண்டி ஏற்பாடு செய்துவிட்டு லயத்துக்குப் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கதவருகே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் நீலம் ஏறியிருந்தது.

"நான் வரல்லைங்கய்யா. கடன் தீரல்ல."

"வெட்டியாச்சேம்மா."

"ஆத்தா சம்மதிச்சிருந்தா ஒரே வெட்டுல போயிருக்கும்." துணியைப் பிழிந்தாள். "சிலுப்பிருச்சுன்னு சொன்னது நீங்கதானேய்யா?"

இதயத்தின் அறைகளைச் சிலேட்டில் வரைந்து காட்டினேன். நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கூடலூர்ச் சந்தையில் கருப்புக் குட்டி ஒன்று சொல்லி வைத்திருப்பதாகவும், அது ஆளாக அடுத்த ஆடி ஆகிவிடும் என்றும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்த நாளை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம், மறுபடி பதிவு செய்து காத்திருங்கள் என்றார்கள்.

பிறகு மேனேஜர் கம்பெனியின் பதிலைக் கொண்டுவந்து காட்டினார். அந்த விதி இறைச்சியும் பாலும் அனுப்புகிறவர்களுக்கு மட்டுமே, தேயிலைத் தோட்டங்களுக்குப் பொருந்தாது. கேட்டு எழுதிய அக்கறைக்கு நன்றி. குறிப்பிட்ட விலங்கு நலமாக இருக்கும் என்று நம்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பதில் வந்து சேர்ந்த நாள் ஆவணி மூன்று.