தொப்புளில் வைத்த எண்ணெய்

என் சிறுநீரில் இரத்தம் போனதை இரண்டு தடவை கண்டிருக்கிறேன். முதல் தடவை சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். கொழும்புப் பக்கம் கொண்டுபோய் ஏழு கிழமை கரண்ட் பிடித்தார்கள்; கதிர் மருத்துவத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கட்டி கரைந்தது. பழுகாமத்துக்குத் திரும்பி, பழையபடி கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர் கதிரையில் இருந்துகொண்டு, வரிசையில் இடிபடுகிறவர்களை ஏசிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் மறுபடியும் சிவப்பு.

என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி திரும்பி வரவில்லை. ஆனால் கரண்ட் கட்டியோடு சேர்த்துப் பையின் சுவரையும் வேகவைத்துவிட்டது. இரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த இடத்துக்கு ஒக்சிஜன் போய்ச் சேரவில்லை. அதனால்தான் புண் ஆறாமல் கசிகிறது என்றார். வயல் வட்டையில் தண்ணீர் ஏறாத மேட்டுத் துண்டு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். உடனே விளங்கிற்று.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, பையையே வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பையைக் கட்டிவிடுவது. மற்றது, ஒரு தொட்டிக்குள் படுக்கவைத்து, அழுத்தத்தைக் கூட்டிச் சுத்தமான ஒக்சிஜன் கொடுப்பது. காற்றுக் கிடைக்காத கட்டி கரண்டுக்கு இலேசில் மசியாது என்பதால், வெளிநாட்டில் கரண்ட் பிடிக்கிற நேரமே அப்படிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். எனக்கு அது பிந்தி வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தொட்டி இருந்தது வடக்கே துறைமுக நகரத்தில், படை முகாமுக்குள். கடலுக்கடியில் வேலை செய்கிற படைச் சுழியோடிகளுக்காக வைத்தது.

யுத்த நிறுத்தம் என்று சொல்லிக்கொண்ட நாட்கள் அவை. சென்றிகள், சோதனைக் காவலரண்கள், அப்படியே இருந்தன. என் தம்பி முகத்துக்கு நேரே சொன்னான்: "அண்ணன், அந்த முகாமுக்குள்ள போயிரக் கூடாதெண்டுதான் ஆக்கள் ஓடித் திரியிறாங்க. நீங்க கடிதம் வாங்கிற்றுப் போறீங்க." அவனை ஏசிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

வாகரை, கதிரவெளி தாண்டி பஸ்ஸில் போய், நானும் மனைவியும் அந்த நகரத்தில் அவளுடைய தங்கச்சி வீட்டில் தங்கினோம். முகாம் வாசலில் டாக்டர் தந்த கடிதத்தை மூன்று பேர் படித்தார்கள். பிறகு ஒரு வெள்ளைச் சட்டைப் படையாள் வந்து கூட்டிப்போனான். முப்பது வயதிருக்கும். தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவன்தான். கொஞ்சம் தமிழ் பேசினான். வத்திப்பெட்டி, சுருட்டு, நைலோன் உடுப்பு, ஒன்றும் கூடாது என்று விரல் மடக்கிச் சொல்லி, கடைசியாக எண்ணெய் பூசியிருக்கிறேனா என்று கேட்டான். இல்லை என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவேயில்லை. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் முதல் நாளே தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்து முழுகியிருந்தேன்.

ஆனால் கரண்ட் பிடித்த நாளிலிருந்து, உடம்புச் சூடு இறங்கட்டும் என்று என் மனைவி தினமும் விடிய என் தொப்புளில் ஆமணக்கெண்ணெய் வைப்பாள். எங்களுக்கு அது மருந்து. மருந்தை யார் எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பார்?

அவர்கள் தந்த பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் படுத்தேன். கதவைச் சாத்தப் போனவன் கையை நிறுத்தினான். என் வயிற்றுக்கு மேலே சட்டையில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவுக்கு எண்ணெய் ஊறியிருந்தது. ஒரே இழுவையில் என்னைப் படுத்திருந்த தட்டோடு வெளியே இழுத்தான். அவ்வளவு ஒக்சிஜனுக்குள் ஒரு சின்னப் பொறி பட்டாலும் அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும், நீயும் சாவாய், தொட்டியும் போகும் என்று தெரிந்த தமிழிலும் கையாலும் விளக்கினான்.

தொட்டியும் போகும் என்றதும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரையிலிருந்து வந்த ஒருவன், உடம்பில் எண்ணெயோடு, படையினரின் தொட்டிக்குள். என்ன சொல்லி யார் நம்பப் போகிறார்கள்? வாய் உளறியது. மனைவி, சூடு, தொப்புள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் குனிந்து விரலால் தொட்டு மணந்து பார்த்தான். "எந்தரு தெல்," என்றான். ஆமணக்கெண்ணெய்க்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

தண்ணீர்ப் பைப்படிக்குக் கூட்டிப்போய்ச் சவர்க்காரம் தந்தான். சவர்க்காரம் என் கையிலிருந்து வழுக்கி இரண்டு தரம் கீழே விழுந்தது. மூன்றாம் தரம் அவனே எடுத்து, முழங்காலில் நின்று, என் தொப்புளைச் சுற்றி நுரை போட்டுக் கழுவினான். சீருடைக்காரர் ஒருவர் என்னைத் தொட்டால் அடிக்கத்தான் தொடுவார் என்று இருபது வருடமாக நம்பியிருந்த எனக்கு, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

தொட்டிக்குள் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் விடும்; அதைத் தவிர ஒன்றுமில்லை. தினமும் ஒன்றரை மணித்தியாலம், சனி ஞாயிறு லீவு. எண்ணெயை நிறுத்தச் சொன்னதற்கு மனைவி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு செவ்விளநீருக்கு மாறினாள். விடிய நான் போத்தலில் எடுத்து வைக்கும் சிறுநீரை அவள்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், பார்த்துவிட்டுக் கழுவி வைப்பாள். முதல் இரண்டு கிழமையும் அதே சிவப்பு. இது சரிவராது, வெட்டத்தான் வேண்டும் என்று நான் ஏசத் தொடங்கினேன். மூன்றாம் கிழமை அது பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்தது. ஐந்தாம் கிழமை ஒரு நாள், போத்தலோடு முற்றத்துக்குப் போனவளைக் காணவில்லை. போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் குந்தியிருந்து அழுதாள். போத்தலில் இருந்தது வைக்கோல் நிறம். சிவப்பு ஒரு பொட்டும் இல்லை.

"இப்ப என்னத்துக்கு அழுறாய்?" என்று கேட்டேன்.

"இத ஒவ்வொரு நாளும் கழுவக்குள்ள, நாளைக்கும் கழுவித் தர நீங்க இருப்பீங்களோ எண்டுதான் நினச்சுக் கழுவினன்," என்றாள்.

இத்தனை நாளும் அவள் அதை எனக்குக் காட்டவில்லை. என் சாவுக்குப் பயந்தது நான் மட்டும்தான் என்று எண்ணி, அவளையும் சேர்த்து ஏசித் திரிந்திருக்கிறேன். போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினேன். அன்றைக்கு அதை நான் கழுவினேன்.