நாற்பது எண்ணித் தட்டு

சத்திரம் பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு நேரம் குறிப்பவர் முருகானந்தம். அவர் கண்ணில் மண்ணைத் தூவ இதுவரை எந்த டிரைவராலும் முடிந்ததில்லை. "ஒரு நிமிஷந்தானேண்ணே" என்று யாராவது குழைந்தால், "அந்த ஒரு நிமிஷத்துல பின்னாடி நிக்கிறவன் பத்து டிக்கெட்ட விட்டுருவான், எடு வண்டிய" என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை, இதே விசில். கல்யாணப் பந்தியில்கூட வாட்சைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார் என்று மனைவி ஆனந்தவள்ளி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கும் ஓர் இடத்தில் நாற்பது விநாடி தாமதம் இருந்தது. அது கால்பந்தில்.

அவர் பிறந்ததிலிருந்து ஒரு பந்தை உதைத்தவரில்லை. அந்தப் பைத்தியம் பக்கத்துப் போர்ஷனிலிருந்து வந்தது. மஸ்கட்டில் இருபது வருஷம் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள். நல்லுசாமி ஒரு கிளப்பைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் மழை ஓயாத ஏதோ ஓர் ஊரின் கிளப். பெயரைச் சொன்னால் மற்ற கிளப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நமக்கெதற்கு வம்பு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டிய இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் முருகானந்தம், மற்றதில் மனைவியை இழந்த நல்லுசாமி. ஒரே வருஷத்தில் முருகானந்தம் அந்தக் கிளப்பின் கோல்கீப்பருக்குக் கல்யாணமானது வரை தெரிந்து வைத்திருந்தார்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. அன்று கிளப் ஐந்து கோல் வாங்கியது. "நீ பக்கத்துல உக்காந்தா வெளங்காதுடா முருகா" என்று நல்லுசாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவரவர் வீட்டில்தான் ஆட்டம். ஆனால் நல்லுசாமி பார்ப்பது டிவியில், முருகானந்தம் பார்ப்பது போனில். போனில் எல்லாமே நாற்பது விநாடி பிந்தித்தான் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் மனுஷர் "அய்யோ" என்று அலறும்போது இந்தப் பக்கம் பந்து நடு மைதானத்தில் சாதுவாக உருண்டுகொண்டிருக்கும். நடக்கப்போவது முன்கூட்டியே காதில் விழுவதைப்போல ஒரு சங்கடம் கிடையாது.

நேரம் குறிக்கிறவர் சும்மா இருப்பாரா? சட்டம் போட்டார். நல்லுசாமி வாயில் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும், சத்தம் வரக் கூடாது. கோல் விழுந்தால் நாற்பது எண்ணிவிட்டுச் சுவரில் தட்ட வேண்டும். நம் கோலுக்கு ஒரு தட்டு, எதிரி கோலுக்கு இரண்டு. பதினோரு வருஷத்தில் அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகவில்லை. போனில் பந்து வலைக்குள் போகும், தலைக்கு மேலே சுவர் 'டொக்' என்னும்.

மாசி மாதம் நல்லுசாமிக்கு நெஞ்சுவலி வந்தது. புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். மனசு படபடக்கிற எதுவும் கூடாது, மேட்ச் அறவே கூடாது என்றார் டாக்டர். சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்த மகள் மலர்க்கொடி, விளையாட்டுச் சேனலை நிறுத்திவிட்டு, வீட்டுச் சாவி ஒன்றை முருகானந்தத்தின் கையில் கொடுத்தாள். "உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் சித்தப்பா. அப்பா மேட்ச் பாக்காம நீங்கதான் பாத்துக்கணும்." முருகானந்தம் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

சித்திரையில் ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதி வந்தது. சொந்த மைதானத்தில் ஆட்டம். நல்லுசாமி நாலு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்காமல் கெஞ்சினார். "இதப் பாக்காம இருந்தாத்தான்டா எனக்கு நெஞ்சு வெடிக்கும்." முருகானந்தமே போய்ச் சேனலுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வந்தார். பக்கத்திலேதானே இருக்கிறோம் என்று தன் மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். அன்று ராத்திரி, "நானும் வந்து உக்காந்துக்கிறேண்ணே" என்று கேட்டும் பார்த்தார்.

"நீ வந்தா தோத்துருவோம். போய்ப் படுடா" என்று நல்லுசாமி கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்டம் நம் ஊர்க் கணக்குப்படி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. பதினெட்டாவது நிமிஷத்திலேயே எதிரணி ஒரு கோல் போட்டது; சுவரில் இரண்டு தட்டு, நூல் பிடித்ததுபோல் சரியாக. இடைவேளைக்குச் சற்று முன் இன்னொன்று, இரண்டு தட்டு. அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்த மைதானம் எழவு வீடு மாதிரி இருந்தது. கிளப் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாலக்கரைச் செருப்புக் கடை அப்துல் மாலிக், கோல்கீப்பரின் ஏழு தலைமுறையையும் வாய்ஸ் மெசேஜில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அறுபத்து மூன்றாவது நிமிஷத்தில் சுவர் மறுபடி இரண்டு முறை தட்டியது.

போனில் கோலே இல்லை. பந்து ஓரமாக வெளியே போயிருந்தது, ஒருவன் அதை எறிவதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தான். முருகானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழவர் எண்ண மறந்துவிட்டார். அங்கே மூன்றாவதும் விழுந்துவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை. அவர் வாட்சைப் பார்த்தபடி காத்திருந்தார். பத்து, இருபது, முப்பது. எறிந்த பந்து கால் மாறிக் கால் மாறிக் கோல் பக்கம் வந்தபோது படம் அப்படியே உறைந்து, நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

உள்ளறையிலிருந்து ஆனந்தவள்ளியின் குரல் வந்தது. "என்னங்க, யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

"கோலு வள்ளி. நீ தூங்கு."

மூன்று நிமிஷம் கழித்துப் படம் வந்தபோது நிகழ்காலத்துக்குத் தாவியிருந்தது. ஸ்கோர் அதே இரண்டுதான். கால்பந்து தெரிந்த மூளை உடனே கணக்குப் போட்டது: படம் உறைந்த நேரத்தில் கோல் விழுந்திருக்கும், வீடியோ பார்த்து ஆஃப்சைடு என்று தள்ளியிருப்பார்கள். கால்பந்து தெரியாதவனாக இருந்திருந்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்பான். முருகானந்தம் நிம்மதியாக மூச்சு விட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

எண்பத்து நாலில் மறுபடி இரண்டு தட்டு. இந்தத் தடவை மெதுவாக, விரல் நுனியால் தொடுவதுபோல. அதற்கும் எந்தக் கோலும் வரவில்லை. ஆத்திரத்தில் சுவரைக் குத்துகிறார் என்று நினைத்தார். "சும்மா இருங்கண்ணே, நெஞ்சு என்னத்துக்காகும்?" என்று மெசேஜ் போட்டார். அதில் ஒரு டிக் விழுந்தது, இரண்டு விழுந்தது, நீலமாகவில்லை.

ஆட்டம் முடிந்தது. சொந்த மைதானத்தில் பூஜ்யத்துக்கு இரண்டு. குழு கொந்தளித்தது. கோச்சை நாளைக்கே அனுப்ப வேண்டும் என்றார் ஒருவர். இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன் என்றார் இன்னொருவர், போன மாதமும் அவர் அதையேதான் சொன்னார். "நல்லுசாமியண்ணே எங்க? வாயத் தொறங்கண்ணே, நீங்க திட்டினாத்தான் எங்களுக்கு மனசு ஆறும்" என்று மாலிக் கேட்டிருந்தார். முருகானந்தம் போனை அணைத்துக் கீழே வைத்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

தலைக்கு நேர் மேலே, காலண்டர் ஆணி அசையும்படி, சுவர் இரண்டு முறை தட்டியது.

ஆட்டம் இல்லை. கோல் விழ இனி எங்கும் ஒரு பந்தும் இல்லை. ஏன் என்று தெரியாமலே முப்பது, நாற்பது என்று எண்ணி முடித்துவிட்டார், அதற்குப் பிறகுதான் கால் எழுந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

டிவியில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் தோல்வியை அலசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. நல்லுசாமி தரையில், சுவர் ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை மடங்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. துண்டு இன்னும் பல்லுக்கு நடுவே இருந்தது. முருகானந்தம் அதை இழுத்தார், வரவில்லை. நெற்றி ஜில்லென்றிருந்தது. காலண்டர் ஆணிக்கு நேரான இடம் அங்கிருந்து ஆள் உயரம். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

நூற்றெட்டு வண்டி கால் மணியில் வந்தது. வந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தொட்டார், விரல்களை மடக்கிப் பார்த்தார். "உசுரு போயி முக்கால் மணிக்கு மேல இருக்கும் சார். ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

முருகானந்தத்தின் கண் தானாக வாட்சுக்குப் போனது. இரண்டு நாற்பத்தெட்டு. அவர் கழித்துப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மனசு தானாகவே கழித்தது. அறுபத்து மூன்றாவது நிமிஷத்துத் தட்டு அந்தக் கணக்குக்கு முந்தியது. எண்பத்து நாலு பிந்தியது. கடைசித் தட்டு அதற்கும் பிந்தியது. அவர் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தார். விடை மாறவில்லை. ஆனந்தவள்ளி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் அப்பவே கேட்டேனே" என்று அவள் சொல்லவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை.

மலர்க்கொடிக்கு ஆனந்தவள்ளிதான் தகவல் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் முருகானந்தத்தின் போன் அடித்தது. அங்கே விடிந்துகொண்டிருக்கும் நேரம். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தப்பா, தூக்கத்துலதானே போனாரு? கஷ்டப்படலல்ல?"

அவளே கொடுத்த பதில் அது. ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. செத்தவர் வாயில் துண்டு. சேனலுக்கு ரீசார்ஜ் செய்த ரசீதைக் கிழித்துப் போட்டுவிடலாம். முருகானந்தத்துக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

"இல்லம்மா. மேட்ச் பாத்தாரு. நான்தான் ரீசார்ஜ் பண்ணிக் குடுத்தேன். வலி வந்ததும் சொவத்துல தட்டிக் கூப்பிட்டாரு. நான் கோலுன்னு நெனச்சு உக்காந்திருந்தேன்."

அழுகை நின்றுபோன ஒரு குரலில் மலர்க்கொடி கேட்டாள்.

"எத்தன தடவ தட்டுனாரு?"

முருகானந்தம் சுவரைப் பார்த்தார்.

"உசுரு இருக்கறப்ப ஒரு தடவம்மா. அப்புறம் ரெண்டு தடவ."